மனசுக்கு வைத்தியம் படிக்கப் போன பெண்

தூக்கம் வராமல் புரளுகிறவர்களைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மாமியார், மருமகள், மகன் வாங்கி வைத்த கடன், கணவரின் குறட்டை... (குறட்டைக்கு இன்னொரு நாள் வருகிறேன், சகோதரிகளே.) அவற்றின் நடுவே கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு கடிதம். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருந்தார். அதனால் போடவில்லை. மற்றதை அவர் எழுதியபடியே கொடுக்கிறேன்.

"அம்மாவுக்கு வணக்கமுங்க. நான் எட்டாவது வரைக்குந்தான் படிச்சேன். கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கற வேலைங்க. நாங்க காலனிக்காரங்க. எம்புள்ளை மனசு டாக்டருக்குப் படிக்குதுங்க. எங்க சனத்துலயே அந்தப் படிப்புக்குப் போன மொத ஆளு அவதான். இப்ப ராத்திரி போன் போட்டு அழுவறா. 'அம்மா, எனக்கு வியாதியாம்மா?'ன்னு கேக்கறா. நான் என்னத்தைச் சொல்லட்டுங்க? படிப்பை நிறுத்திப்போட்டுக் கூட்டிட்டு வந்துரலாமான்னு அவங்கப்பா கேக்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லணுமுங்க."

கடைசி வரியில் பக்கத்து வீட்டு போன் நம்பர் இருந்தது. பேசினேன். பிறகு அந்தப் பெண்ணோடும் பேசினேன். விஷயம் இதுதான்.

வெளியூரில் ஒரு நிறுவனத்தில் மனநல ஆலோசகர் ஆவதற்கான பல்கலைக்கழகப் படிப்பு. நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டாம். இந்தப் படிப்பில் புத்தகம் பாதி, பழக்கம் பாதி. மூன்று மூன்று பேராக உட்கார வேண்டும். ஒருத்தி தன் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும், இன்னொருத்தி ஆலோசகர் மாதிரி கேட்க வேண்டும், மூன்றாமவள் கவனித்துக் குறிப்பு எடுக்க வேண்டும். வாரம் ஒரு நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, யாராவது ஒருவர் தன் சிறு வயதில் மனதில் பட்ட காயத்தைத் திறந்து பேச வேண்டும். அடுத்தவர் மனதைத் தொடப் போகிறவளுக்குத் தன் மனது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

இவள் முறை வந்தது. ஒருத்தி அப்பாவின் குடியைப் பற்றிப் பேசியிருக்கிறாள். இன்னொருத்தி அம்மா அண்ணனுக்கு மட்டும் பால் கொடுத்ததைப் பற்றிப் பேசியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் எல்லோரும் சேர்ந்து கண் கலங்கியிருக்கிறார்கள். இவள், ஊரில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டபோது சொம்பைக் கையில் கொடுக்காமல் உயரத் தூக்கி ஊற்றினார்களே, அதைக் கையைக் குவித்துக் குடித்தாளே, அதைச் சொல்லியிருக்கிறாள். அப்போது வயது 9.

அறையே அமைதியாகி விட்டதாம். பிறகு பயிற்சி கொடுக்கிற அம்மாள் மிகவும் கனிவாகச் சொன்னாராம்: "இது உன்னோட தாழ்வு மனப்பான்மைம்மா. ஜாதியெல்லாம் இப்ப எங்க இருக்கு? நீதான் அதைப் பிடிச்சிட்டிருக்கே. அதை விட்டு வெளியே வா."

இவள், "நான் விடறதுக்கு என்னங்க மேடம் இருக்கு? சொம்பு அவங்க கையில இல்ல இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். அந்த வாரக் குறிப்பில் 'எதிர்ப்பு மனப்பான்மை உள்ளவள்' என்று எழுதப்பட்டு விட்டது. அடுத்த வாரத்திலிருந்து மூவர் மூவராகச் சேரும்போது இவள் மட்டும் மிஞ்சிப் போகிறாள்.

என்னோடு பேசியபோது அழவில்லை. "யாரும் என்னைத் திட்டலீங்க. திட்டியிருந்தாக்கூட எளிசா இருந்திருக்கும். எல்லாரும் என்னைப் புரிஞ்சுக்கறாங்களாம். புரிஞ்சுக்கிட்டே தள்ளி உக்காந்துக்கறாங்க" என்றாள்.

'தாழ்வு மனப்பான்மை' என்ற சொல்லை நாம் உப்புப் புளி மாதிரி புழங்குகிறோம். வியன்னா நகரத்து டாக்டர் ஆல்பிரட் ஆட்லர் பிரபலமாக்கிய கருத்து அது. சிறு வயதில் ரிக்கெட்ஸ் நோயால் சரியாக ஓடியாட முடியாமல் இருந்தவர் அவர். தான் குறைந்தவன் என்ற எண்ணம் ஏதோ ஒரு அளவில் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும், அதை வெல்லத்தான் மனிதன் பாடுபடுகிறான் என்பது அவர் கட்சி. நல்ல சொல்தான். ஆனால் ஒருத்தியை மற்றவர்கள் தாழ்த்தினார்கள் என்பதும், அவளே தன்னைத் தாழ்வாக நினைத்துக் கொண்டாள் என்பதும் ஒன்றா? முதலாவது நடந்த சம்பவம். இரண்டாவதுதான் மனப்பான்மை. முதலாவதைச் சொன்னவளிடம் இரண்டாவதன் பெயரை ஒட்டி அனுப்பி விட்டால், சொம்பு பிடித்த கை கதையிலிருந்தே காணாமல் போய் விடுகிறது பாருங்கள்!

இந்த வித்தை புதிதல்ல. மனோதத்துவம் படித்த பெரிய பெரிய மனிதர்களே செய்தது.

அமெரிக்காவில் 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்று ஒரு டாக்டர். கறுப்பின அடிமைகள் எஜமானர்களின் தோட்டங்களை விட்டு ஓடிப் போகிறார்களே, அது ஒரு மன வியாதி என்று கட்டுரை எழுதினார். வியாதிக்கு 'டிரேப்டோமேனியா' என்று கிரேக்கப் பெயர் வேறு! அதற்கு அவர் சொன்ன வைத்தியங்களில் சவுக்கடியும் உண்டு. ஓடுகிறவனுக்கு வியாதி, கட்டி வைத்து அடிக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை.

அமெரிக்காவை விடுங்கள், நம் நாட்டுக்கு வருவோம். ராஞ்சியில் 1918-ல் ஒரு பெரிய மனநோய் மருத்துவமனை திறந்தார்கள். யாருக்கு? ஐரோப்பியர்களுக்கு மட்டும். இந்தியர்களுக்கென்று தனி மருத்துவமனை அங்கே 1925-ல்தான் வந்தது. ஐரோப்பியர் மருத்துவமனைக்குப் பல வருஷம் தலைமை டாக்டராக இருந்தவர் ஓவன் பெர்க்லி ஹில். கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த வெள்ளைக்காரர்களில் இவர் ஒருவர். இந்துக்கள் பிடிவாதக்காரர்கள், கஞ்சர்கள் என்றெல்லாம் அடுக்கி, இதற்கெல்லாம் காரணம் குழந்தையில் மலஜலப் பழக்கம் பழக்கிய விதம்தான் என்று 1921-ல் ஒரு கட்டுரை எழுதியவர்! இத்தனைக்கும் அவர் மணந்தது மலையாளத்துப் பெண்ணை. அந்த அம்மாள் அதைப் படித்தாரா, படித்து விட்டு அன்றைக்குச் சோறு போட்டாரா என்பது என் சொந்த சந்தேகம்.

அதே சங்கத்தில் இன்னொருவர் டேலி என்ற ராணுவ அதிகாரி. வங்காளத்தில் சுதந்திரத்துக்காகப் போராடிய இளைஞர்களின் மனதை ஆராய்ந்து 1930-ல் எழுதினார். அவர்கள் கேட்டது சுதந்திரம். அவர் கண்ணுக்குத் தெரிந்தது மனச்சிக்கல், பெற்றோரோடு மல்லுக்கு நிற்கிற குழந்தையின் கோளாறு. அவர் கணக்கில் பெற்றோர் யார் என்று சொல்ல வேண்டுமா? வெள்ளைக்கார சர்க்கார்தான்!

இதையெல்லாம் கேட்டால் இன்றைக்கு நமக்குச் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. 'நம்மை அடிமைப்படுத்தி விட்டு நமக்கே வியாதிப் பெயர் வைத்தானே' என்று. சரி. அந்தக் கோபம் நியாயமானால், நாமக்கல் பக்கத்துப் பெண் கேட்ட கேள்வியும் நியாயந்தானே?

இந்த இடத்தில் மேமி கிளார்க் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில், ஆர்கன்ஸா மாகாணத்தில் 1917-ல் பிறந்த கறுப்பினப் பெண். மனோதத்துவம் படித்து, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1943-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவருக்கு அங்கே வழிகாட்டிய பேராசிரியர் ஹென்றி காரெட். வெள்ளையர்களை விடக் கறுப்பர்கள் புத்தியில் குறைந்தவர்கள் என்று நம்பியவர், அதை வெளிப்படையாகவே எழுதியவர். சாதாரண ஆள் இல்லை, 1946-ல் அமெரிக்க மனோதத்துவ சங்கத்துக்கே தலைவராக இருந்தார். அப்படிப்பட்டவரின் கீழ் உட்கார்ந்துதான் இந்தப் பெண் படித்தார்.

பட்டம் கிடைத்தது, தகுந்த வேலை கிடைக்கவில்லை. கறுப்பினப் பெண்ணுக்கு அந்தப் பட்டம் இருப்பதே அன்றைய நியூயார்க்கில் வேண்டாத அதிசயமாக இருந்தது. கடைசியில் வீடில்லாத கறுப்பினச் சிறுமிகள் இருந்த ஒரு விடுதியில் பரிசோதனை செய்கிற வேலை. அங்கே பார்த்ததை வைத்து, குழந்தைகளுக்கு மனநல உதவி கொடுங்கள் என்று கணவர் கென்னத்தோடு ஒவ்வொரு ஸ்தாபனமாக ஏறி இறங்கினார். யாரும் முன்வரவில்லை. அப்பா கொடுத்த பணத்தை வைத்து, கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழும் ஹார்லெம் பகுதியில் 1946-ல் தாங்களே ஒரு நிலையம் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்ததும் முதலில் வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? 'உங்கள் குழந்தைக்கு மூளை வளர்ச்சி இல்லை' என்று பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்த தாய்மார்கள். மேமி பரிசோதித்துப் பார்த்தார். பல குழந்தைகளுக்கு ஒரு குறையும் இல்லை!

தம்பதிகள் செய்த பொம்மைப் பரிசோதனையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு வித்து மேமி எம்.ஏ.வுக்குச் செய்த ஆராய்ச்சி. ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள், நிறம் மட்டும் வேறு. சின்னஞ்சிறு கறுப்பினக் குழந்தைகளிடம் 'எது நல்ல பொம்மை?' என்று கேட்டால் பெரும்பாலானவை வெள்ளைப் பொம்மையைக் காட்டின. 'சரி, உன்னை மாதிரி இருப்பது எது?' என்று அடுத்துக் கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடின. இதை வைத்து மேமி 'இந்தக் குழந்தைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை' என்று எழுதி மூடி வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நிறம் பார்த்துப் பிரித்து வைப்பதுதான் இந்தக் குழந்தைகளுக்கு இதைச் செய்தது என்று சொன்னார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் சொன்ன தீர்ப்பில் இந்த ஆராய்ச்சியும் எடுத்துக் காட்டப்பட்டது.

அதற்கு முன் 1952-ல் வர்ஜீனியா மாகாணத்தில் நடந்த வழக்கில், பிரிவினை வேண்டும் என்று சாட்சி சொல்ல வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பேராசிரியர் காரெட்! அவர் சொன்னதை மறுக்க வந்த சாட்சிகளில் ஒருவர் அவருடைய மாணவி மேமி. குரு ஒரு பக்கம், சிஷ்யை எதிர்ப்பக்கம். அந்தக் காட்சியைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள், சகோதரிகளே.

சங்கங்களுக்கு உறைக்க இன்னும் வெகு நாள் ஆயிற்று. 1968-ல் கறுப்பின மனோதத்துவ நிபுணர்கள் 'உங்கள் சங்கத்தில் எங்களுக்கு இடமில்லை' என்று தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். 1971-ல் கென்னத் கிளார்க் பழைய சங்கத்துக்கே தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். சங்கம் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டது 2021 அக்டோபரில். அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கமும் அதே வருஷம் ஜனவரியில் கேட்டது. மேமி 1983-லேயே காலமாகி விட்டார்.

நம் ஊரில் யாரும் மன்னிப்பு வரைக்கும் போகவில்லை. பேச்சு எடுப்பதே கஷ்டமாக இருக்கிறது. டில்லியில் இருக்கிற ஏ.ஐ.ஐ.எம்.எஸ். ஆஸ்பத்திரி நாட்டுக்கே பெரியது. மனநல டாக்டர்களும் அங்கே உருவாகிறார்கள். அங்கே பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்க்கப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2006-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். 2007-ல் அறிக்கை வந்தது. வாய்மொழித் தேர்வில் சுற்றி வளைத்து ஜாதியைக் கேட்பது, மற்ற மாணவர்களுக்குக் கொடுக்கிற நேரத்தை இவர்களுக்குக் கொடுக்காதது, விடுதியில் தொந்தரவு தாங்காமல் இவர்கள் ஒரே பக்கமாக ஒதுங்கிப் போனது, சாப்பாட்டு மேஜையில், விளையாட்டில் தனித்து விடப்பட்டது... எல்லாம் அதில் இருக்கிறது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் நியாயம் இல்லை என்று சொன்னவர்கள் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல்.

நம் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணனை மறந்திருக்க மாட்டீர்கள். டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சரித்திர ஆராய்ச்சி மாணவர். 2017 மார்ச்சில் மறைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், ஆராய்ச்சிப் படிப்பு அனுமதியில், வாய்மொழித் தேர்வில் சமத்துவம் இல்லை என்று எழுதியிருந்தார்.

மும்பையில் டாக்டர் பாயல் தட்வி. தட்வி பீல் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். மகப்பேறு மருத்துவத்தில் மேல்படிப்புப் படித்துக் கொண்டிருந்தவர், 2019 மே 22-ஆம் தேதி 26 வயதில் உயிரை விட்டார். சீனியர் டாக்டர்கள் மூன்று பேர் மீது வழக்கு. மகள் படுகிற பாட்டை முன்கூட்டியே கல்லூரியில் முறையிட்டதாகத் தாய் ஆபேதா சொன்னார். அந்தத் தாயும், 2016-ல் ஹைதராபாத்தில் மகன் ரோஹித் வேமுலாவைப் பறிகொடுத்த ராதிகா வேமுலாவும் சேர்ந்து 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். உயர் கல்வி நிலையங்களில் ஜாதி வேற்றுமையைத் தடுக்க 2012-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் போட்டதே, அவற்றை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டார்கள். வேறு எந்தத் தாய்க்கும் இது வரக் கூடாது என்றுதான் இரண்டு பேரும் படியேறினார்கள்.

இந்தப் பெயர்களைப் படித்து விட்டு அந்த நாமக்கல் தாய் பயந்து போகக் கூடாது. அதனால்தான் இதழ் வருவதற்கு முன்பே அவரோடு பேசி விட்டேன். "வியாதி இல்லீங்களாம்மா?" என்று நான்கு தரம் கேட்டார். நான்கு தரமும் "இல்லீங்க" என்றேன். "அப்ப ஏனுங்க தலைவலி, தூக்கம் வர மாட்டேங்குது, சோறு எறங்க மாட்டேங்குதுன்னு சொல்றா?" நியாயமான கேள்வி. மழையில் நனைந்தவளுக்குக் காய்ச்சல் வரும். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கத்தான் வேண்டும். அதற்காக மழை பெய்ததே அவள் கற்பனை என்று சொல்லலாமா? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பவில்லையென்றாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்கிற பேச்சு ஒரு தரம் வாயில் வந்தாலோ, ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் நம்பர் இரவும் பகலும் இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். இதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். "நாங்களே அந்த நம்பரை மத்தவங்களுக்குக் குடுக்கறவங்கதானுங்க" என்று லேசாகச் சிரித்தாள். சிரித்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்து விடுவோம். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவில், ஒருவருடைய சமூக நிலையையோ, அவர் எந்த இனக் குழுவைச் சேர்ந்தவர் என்பதையோ வைத்து மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. 18-வது பிரிவு, மனநலச் சிகிச்சையில் ஜாதி வேற்றுமை காட்டக் கூடாது என்கிறது. சிகிச்சைக்கு இவ்வளவு எழுதியிருக்கிறார்கள். சிகிச்சை கொடுக்கப் போகிறவளை வட்டமாக உட்கார்த்தி வைத்துப் பேசச் சொல்கிற அந்த அறைக்குள்ளே சட்டம் எட்டிப் பார்ப்பது கடினம். அங்கே யார் ஆசிரியர், எந்த வீட்டிலிருந்து வந்தவர், எதை இதுவரை காதால் கேட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. காலனிப் பக்கமே காலடி வைக்காதவர்கள் மட்டும் கூடிப் பாடத்திட்டம் போட்டால், சொம்பின் உயரம் அதில் எப்படி வரும்?

அந்தப் பெண்ணிடம் இன்னும் சில விஷயங்கள் சொன்னேன். இதே நிலையில் வேறு பெண்களும் இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். நடந்ததை அன்றன்றைக்குத் தேதி போட்டு எழுதி வை. யார் சொன்னார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து. வேறு பயிற்சி ஆசிரியரிடம் மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேள், நகலில் கையெழுத்து வாங்கிக் கொள். மானியக் குழுவின் விதிப்படி வேற்றுமைப் புகார்களைப் பார்க்கக் கல்லூரியில் ஒரு அதிகாரி இருக்க வேண்டும். அவர் யார் என்று முதலில் கேட்டுத் தெரிந்து கொள். (கேட்ட மாத்திரத்தில் ஆபீஸில் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். பரவாயில்லை, பார்க்கட்டும்.) வெளிப்படையாக ஜாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அதற்கு 14566 என்று தனி உதவி நம்பர் 2021-லிருந்து இருக்கிறது. எல்லாவற்றையும் தனியாகச் சுமக்காதே. உன் மாதிரி இந்தத் துறைக்கு வந்த சீனியர்களைத் தேடிப் பிடி. திவ்யா கந்துகூரி என்பவர் தொடங்கிய 'தி ப்ளூ டான்' மாதிரி, ஒடுக்கப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்தவர்களே தங்களுக்குள் மனநல உதவி செய்து கொள்கிற குழுக்கள் இப்போது நம் நாட்டில் வந்திருக்கின்றன.

படிப்பை நிறுத்துவதா? என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம். அவங்கப்பாவிடமும் போனில் அதைத்தான் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. "சரிங்கம்மா, புள்ளை தாங்குவாளான்னுதான் பாக்கறேன்" என்றார். நிறுத்தினால் அந்த வகுப்பில் எல்லோருக்கும் நிம்மதியாகி விடும் என்பதும் எனக்குத் தெரியும். அதுவே நிறுத்தக் கூடாது என்பதற்கு ஒரு காரணம்.

இப்போது மற்ற வாசகிகளுக்கு வருகிறேன். கோபித்துக் கொள்ள வேண்டாம். அந்த வகுப்பில் மிஞ்சிப் போகிறவள் ஒருத்தி. மற்றவர்கள் இருபது இருபத்தைந்து பேர். அவர்களுடைய அம்மாக்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள்தான். உங்கள் பெண் மனோதத்துவமோ, நர்ஸிங்கோ, டாக்டருக்கோ படிக்கிறாள் என்றால், லீவுக்கு வரும்போது 'யாரோடு சாப்பிடுகிறாய், யாரோடு சேர்ந்து உட்காருகிறாய்' என்று சும்மா கேட்டுப் பாருங்கள். யாராவது ஒரு பெண் தனியாக உட்காருகிறாள் என்று தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். 'அவ ஒரு மாதிரிம்மா' என்று பதில் வந்தால் அங்கேயே விட்டு விடாதீர்கள். அடுத்த தரம் மூவராகச் சேரும்போது நீ போய் அவளோடு உட்கார் என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

ஆலோசனைக்குப் போகிறவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். சேலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பிள்ளையைக் கூட்டிக் கொண்டு வருகிற பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "உங்களுக்கு எந்த ஊருங்க?" ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கமுங்க?" அதற்கும் மழுப்பினால், "குலதெய்வம் எதுங்க? எந்தக் கூட்டமுங்க?" நம் பக்கத்தில் இது எதற்குக் கேட்கிற கேள்வி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் சலித்துப் போய், "ஐந்து ரோட்டுல டவுன் பஸ்ஸுக்கு நிக்குதே, அந்தக் கூட்டந்தானுங்க" என்றாளாம்! என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: பதில் பிடிக்காத இரண்டு குடும்பங்கள் அடுத்த தடவை வரவில்லை. அதில் ஒரு பையன் பரீட்சை பயத்தில் நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் ரத்தம் வர வைத்துக் கொள்கிற பிள்ளை. மூன்று வாரத்தில் நன்றாகப் பேச ஆரம்பித்திருந்தான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன: என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள், நாங்கள் சொல்வதை வெளியே சொல்ல மாட்டீர்களே? இந்த நான்கையும் கேளுங்கள். அவளும் சந்தோஷமாகப் பதில் சொல்வாள்.

நாமக்கல் தாய் போன வாரம் மறுபடி போன் செய்தார். பெண் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். ஆசிரியரை மாற்றித் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கிறாள், பதில் வரவில்லை. மூவர் பயிற்சியில் ஒரு ஆத்தூர்ப் பெண் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளாம். மூன்றாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. பதில் வந்ததும் எழுதுகிறேன்.

மோகனூர் வாசகி பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு பற்றிக் கேட்டிருக்கிறார். அது அடுத்த இதழில்.